கேபிளுக்குப் போட்ட பைப்

பல்லடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர், மடியில் கம்ப்யூட்டர் கேபிள் சுருளை வைத்துக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“கேபிள் மேல ஈரத் துணி காயப் போட்டா நெட்டு எப்படிங்க வரும்? ஆபீசுக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கும் நடுவால இழுத்த கேபிளுங்க. பூராப் பனியனாத் தொங்குச்சு. ரெண்டு தடவ அந்துபோச்சு. இன்னொருக்கா அந்துபோனா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க. அதான் இரும்பு பைப்புக்குள்ள உட்டு, ரெண்டு பக்கமும் கிளாம்ப் அடிச்சுட்டேன். இனிக் கவலை இல்லீங்க.”

அவர் போனை வைத்ததும் பக்கத்து வரிசையில் இருந்த பெண் கேட்டார்.

“அண்ணே, அருள்புரத்துல எங்க கம்பெனிக்குப் பைப்பு போட்டது நீங்கதானா?”

“ஆமாங்கம்மா. நீங்க அங்கதான் வேலைங்களா?”

“செக்கிங்ல இருக்கேன். கம்பெனி குவார்ட்டர்ஸ்ல குடியிருக்க பொம்பளைங்க எல்லாரும் உங்களத்தான் பெருமையாச் சொல்லுதோம். முந்தி பனியன் போட்டாலே தொய்ஞ்சிரும். இப்ப உங்க பைப்பு நனைஞ்ச கம்பளியையே தாங்குது.”

அவர் அந்தப் பெண் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

“எத்தன கம்பளிங்க?”

“வீட்டுக்கு ஒண்ணுதான் அண்ணே.”

பல்லடத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர், சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அருள்புரத்திலேயே இறங்கினார்.