டெஸ் பாஸ்கோவின் புது கிளட்ச்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு முதலில் தேய்வது இடது கைதான். முட்டியும் இடுப்பும் அதற்கப்புறம்தான் போகும். எங்கள் பழைய வண்டிச் சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சார்ஜென்ட். அந்தக் காலத்து கிளட்சை இழுத்துப் பிடிப்பதும் முரட்டுக் கிடாவைக் கொம்பில் பிடித்து நிறுத்துவதும் ஒன்றுதான்.

போன குளிர்காலத்தில் டெஸ்ஸின் கை மடங்க மறுத்தது. டீக்கோப்பையையே இரண்டு கையாலும் பிடித்தான். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். அவன் ஓட்டியது என் அப்பா வாங்கிய வண்டி. மழை பொய்த்து கோதுமை கருகிப்போன வருடம், அப்பா அதை டெஸ்ஸின் அப்பாவுக்கு விற்றார். வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக டெஸ்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் நல்லவன். ஒவ்வொரு வருடமும் சங்கத்து விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்வான்.

"இந்த கிளட்சை என்னால இழுக்க முடியாமப் போற அன்னிக்கு வண்டி மெர்வினுக்குத்தான். அதுவரைக்கும் கிழவன் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கட்டும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆகவே அவன் கை போனதும் என் ஷெட்டில் ஒரு மூலையை ஒழித்துப் பெருக்கி, பழைய கம்பளத்தை விரித்து வைத்தேன். சொன்ன சொல் மாறாத குடும்பம் அது. காத்திருந்தேன்.

வண்டிக்குப் பதில் நோரீன் வந்தாள், அவன் மனைவி. கையில் ஆப்ரிகாட் கேக்.

"மெர்வின், நான் கேட்டு நீங்க மாட்டேன்னு சொல்லக்கூடாது. அந்த கிளட்சைக் கொஞ்சம் லேசாக்கிக் குடுங்க. வண்டி எடுக்காம அந்த மனுஷன் வீட்டையே ரெண்டாக்குறாரு. என்னால முடியல."

"அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? சங்கத்தில் கிளட்ச் வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மனசாரச் செய்தேன். கார்க் ஒட்டிய பழைய தட்டுகளையும் முரட்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றினேன். எண்ணெயில் ஊறிய சங்கிலியை எடுத்துவிட்டு ரப்பர் பெல்ட் போட்டேன். எண்ணெயே படாமல் ஓடும் புதுத் தட்டுகள், அவற்றை அழுத்த ஒரே ஒரு வட்ட ஸ்பிரிங். அதைவிட நல்ல வேலை என் கையால் நடந்ததில்லை. டெஸ் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு அழுதேவிட்டான்.

"டேய் மெர்வின், இனிமே நான் சாகுற வரைக்கும் ஓட்டுவேன்டா. பாவம், உன் வாய்ல நீயே மண்ணப் போட்டுக்கிட்டியே."

கட்டிக்கொண்டான். நான் அவன் தோள் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கிளட்ச் சூடானால் முழுக்க விடாது. பிடியை இழுத்து வைத்திருந்தாலும் வண்டி முன்னால் நகரும். அதனால் எங்கள் ஆட்கள் சந்திப்பு வருவதற்கு முன்பே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத்தான் நிற்பார்கள். டெஸ்ஸும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் நின்றான். கிளட்ச் லேசானதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. முதல் கியரிலேயே, இஞ்சின் அணையாமலிருக்க ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கியபடி நிற்பான். "பாத்தியா, ரெண்டே விரல்" என்று திரும்பிக் காட்டுவான். சங்கத்தின் பரிசோதகர் என்ற முறையில் நான் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவன் வண்டியை யாரும் தொட மாட்டோம். சவாரிக்கு முன் பரிசோதகர் மட்டும் தொடலாம். அறுவடைச் சவாரியன்று வண்டியை என்னிடம் விட்டுவிட்டு டெஸ் எல்லாருக்கும் அடுப்பில் சாசேஜ் புரட்டப் போனான். கைப்பிடிக்குள் கிளட்ச் கேபிளின் தலை உட்காரும் இடத்தில் சில இழைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டினேன். இழுத்து விட்டால் தாங்கும். ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் தாங்காது. டேங்கில் தட்டி, போகலாம் என்றேன்.

எங்கே அறும் என்று நான் முடிவு செய்யவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டு வாசலிலேயே அறுந்திருக்கலாம். திட்டிக்கொண்டே வேறு கேபிள் போட்டிருப்பான்.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் அறுந்தது. கோதுமை லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "மத்தியானம் மீட் பை சாப்பிடலாமாடா?" என்று திரும்பிக் கேட்டான். முதல் கியரில் நின்ற வண்டி முன்னால் துள்ளியது. லாரியின் பக்கவாட்டில் மோதி, வண்டி ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். டிரைவர்மேல் தப்பே இல்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது நான் வண்டியருகே இருந்தேன். பெட்ரோல் ஒழுகியது, தீப்பிடிக்குமுன் குழாயை மூட ஓடினேன் என்றேன். பதற்றத்திலும் புத்தியோடு நடந்தேன் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அறுந்த கேபிளைப் பார்த்துச் சொல்லும்படி, விசாரிக்க வந்த நீங்களும் என்னைத்தான் கேட்டீர்கள். தேய்ந்துபோனது என்றேன். எழுதிக்கொண்டீர்கள்.

அடக்கம் முடிந்து நோரீன் வண்டியைக் கொண்டுவந்து விட்டாள். "அவரு குடுத்த வாக்கு" என்றாள். அன்றிலிருந்து ஷெட்டில் என்னை யாரோ கூப்பிடுகிறார்கள். சத்தமாக இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு. ரேடியோவை அலறவிட்டும் பார்த்தேன். கிரிக்கெட் வர்ணனைக்கு நடுவிலும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார்ஜென்ட்.

நேற்று நோரீன் கேட்டாள்: "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா, மெர்வின்?" உன் பெயரைச் சொன்னான் என்றேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

அவன் சொன்னது என் பெயரை. புல்லில் கிடந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். "வர்றேன்டா" என்று பதிலும் சொன்னேன். ஆனால் போகவில்லை. பெட்ரோல் ஒழுகவே இல்லை. அவன் குரல் நிற்கும்வரை, டேங்கில் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.