பல் படாத முயல்

பெயர்: ஜக்கம்மாள். வயது: 64. கணவர் பெயர்: காத்தமுத்து (காலமானவர்). தொழில்: ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. முகவரி: மேற்குத் தோட்டம், ரெட்டியார்சத்திரம் அருகில், திண்டுக்கல் மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் வசித்து, பணி ஓய்வுக்குப் பின் கன்னி இன வேட்டை நாய்களை வளர்த்து வருகிறேன். குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் பழுத்த தக்காளியை வாயில் கவ்விக் கொண்டுவரப் பழக்குவேன். முதல் வாரம் சாறு வழியும். பென்சிலை அழுத்தி முனையை ஒடிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போலத்தான். இரண்டு மாதத்தில் தோல் கீறாமல் என் கையில் வைத்துவிடும். அதன் பிறகு கூப்பிட்டால் நிற்கப் பழக்குவேன். அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியளவில், எட்டு மாதப் பெண் குட்டி கரிச்சி நிற்கப் பழகும் முன்பே, அது துள்ளிய துள்ளலைப் பார்த்துக் கயிற்றை அவிழ்த்தேன். பாடம் முடியுமுன் பரீட்சை வைத்தது என் தவறு. வெண்டைக்காய்ச் செடிகளுக்குள்ளிருந்து காட்டு முயல் ஒன்று கிளம்ப, கரிச்சி துரத்திச் சென்று, நான் மூன்று முறை கூப்பிட்டும் நிற்காமல், பக்கத்துத் தென்னந்தோப்பில் அதைப் பிடித்தது. அதன் பிறகு, பின்னால் ஓடிவந்த என்னிடம் முயலைக் கவ்வி வந்து கையில் வைத்தது. முயலின் நெஞ்சு அடித்துக்கொள்வது என் உள்ளங்கையில் தெரிந்தது.

அப்போது சின்ன வயதில் என்னிடம் படித்த தோப்புக்காரர் முருகேசன் வந்து, "குடுங்க டீச்சர், மத்தியானச் சோத்துக்கு வெஞ்சனமாச்சு" என்றார்.

"ஏலே, உசுரு இருக்குடா. விடப்போறேன்" என்றேன்.

"வேட்டை நாய வச்சுக்கிட்டு முயலுக்குச் சோறூட்டுவீக போல" என்று சிரித்தபடி, முயலைப் பின்னங்காலைப் பிடித்துப் பிடுங்கித் தென்னை மரத்தில் அடித்தார். அதன் பிறகு வனக்காப்பாளரின் வண்டி சாலையில் வந்து நிற்பதைக் கண்டு, செத்த முயலைக் கரிச்சியின் முன் போட்டுவிட்டு, நாய் கொன்றதாகச் சொன்னார். கரிச்சி அதை மறுபடியும் கவ்வி என்னிடம் நீட்டியது. காப்பாளர் கண்டது அதை மட்டுமே.

இப்போது கரிச்சியைப் பறிமுதல் செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். "நாய் மேல போட்டுட்டுப் போங்க டீச்சர், அதுக்கு என்ன தெரியும்" என்று இந்த அலுவலக வாசலிலும் முருகேசன் சொன்னார். அதற்குச் சொல்லத் தெரியாது என்பதால்தான் நான் சொல்கிறேன். கயிற்றை அவிழ்த்தது நான். துரத்தியது குற்றமென்றால் வழக்கை என் பேரில் எழுதுங்கள். முயலின் தோலைக் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். ஒரு பல் பதிந்திருந்தால் கரிச்சியை நானே கொண்டுவந்து இங்கே கட்டுகிறேன். மண்டையை உடைத்தது நாயா மனிதரா என்று அறிய, தோப்பின் கிழக்கு ஓரத்து மூன்றாம் மரத்தில் உள்ள ரத்தக் கறையைப் பாருங்கள்.

எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் "நாய் முயலைக் கொன்றது" என்றிருந்த வரியை அடித்து, "நாய் பிடித்தது, முருகேசன் கொன்றார்" என்று என் கையால் திருத்தி ஓரத்தில் கையெழுத்திட்டுள்ளேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை. திருத்தாத நகல் எதிலும் கையெழுத்திட மாட்டேன்.

(ஒப்பம்)
கா. ஜக்கம்மாள்

என் முன்பாக,
வனச்சரக அலுவலர்