சிரிக்கவேண்டிய இடம்

— சீமோன் செத்துப்போனான் எண்டு நேற்றுக் கோப்பிக் கடையிலை சொன்னனான். நீ சிரிச்சனி.

— உன்ர கதை எண்டு நினைச்சன், பஸ்ரி.

— வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சனி. பக்கத்து மேசை மனுசன் கோப்பியைக் கீழை வைச்சிட்டுப் பாத்தவர்.

— உண்மையாச் செத்திட்டானோ?

— எங்கை செத்தவன். காலமையும் கடையிலை முருங்கைக்காயை வளைச்சு வளைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டவன். கதை அதில்லை, பத்மநாதன். கூட்டாளி செத்திட்டான் எண்டு சொல்ல என்னத்துக்குச் சிரிச்சனி?

— நீ குரலைத் தாழ்த்தி நிப்பாட்டினாய். நீ அப்பிடி நிப்பாட்டினா அது சிரிக்கவேண்டிய இடம்.

— அப்ப நான் சொல்லுறதை நீ கேக்கிறேல்லையோ?

— கேக்கிறன். பக்கத்து வீட்டிலை ரேடியோ பாடுறமாதிரிக் கேக்கும்.

— எத்தினை நாளா?

— ரெண்டு வருசம் இருக்கும்.

— ரெண்டு வருசம். அப்ப ராக்கூன் கதை?

— எந்த ராக்கூன்?

— பார்க்டேலிலை என்ர பேஸ்மென்றிலை ஆறு மாசம் குடியிருந்த, குப்பைவாளி கிளறுற ராக்கூன். கருவாட்டு மணத்துக்கு வந்து, போகேக்கை கதவுத் திறப்பைக் கழுவித் துடைச்சு மேசையிலை வைச்சிட்டுப் போனது. இந்தக் கண்ணாலை கண்டனான். அதுக்கும் பொய்க்கோ சிரிச்சனி?

— அதுக்கும்தான்.

— முப்பத்தெட்டு வருசமா இந்த நாட்டிலை பொய் சொல்லுறன், ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. நீ ஒரு பொய்யும் சொல்லாமல் என்னை ரெண்டு வருசம் ஏமாத்திப்போட்டாய்.

— மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்.

— பாக்கட்டும். டொக்டரின்ர வெயிற்றிங் றூமிலை வேறை என்னத்தைப் பாக்கிறது, அந்த மீன் தொட்டியையோ. சித்திரையிலை இஞ்சை வந்தனிதானே? அப்ப டொக்டர் என்ன கேட்டவர்?

— மனக்கவலை ஏதும் இருக்கோ எண்டு.

— நீ என்ன சொன்னனி?

— பேபி சொன்னவ. 'அவருக்கென்ன கவலை, டொக்டர். மகன் பிரவீனன்ர கலியாணமும் முடிஞ்சுது. நல்லாச் சாப்பிடுறார், நல்லாச் சிரிக்கிறார்' எண்டு.

— மனுசி சொல்ல, உன்ர வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ?

— டொக்டரிட்டை எப்பவும் அவதானே கதைக்கிறவ. என்ர சலத்தின்ர நிறத்தையும் அவதான் சொல்லுறவ. அதோடை அவ சொன்னது பொய்யுமில்லை. எனக்குக் கவலை இல்லை, பஸ்ரி. கவலை வந்தாலும் நல்லாயிருக்கும் போலை கிடக்கு.

— அப்ப என்னதான் இருக்கு?

— ஒண்டுமில்லை. போன சனிக்கிழமை பேபி ஒடியல் கூழ் காய்ச்சினவ. நண்டு, றால் எல்லாம் போட்டு. குடிச்சன். சுட்டது.

— பிறகு?

— அவ்வளவுதான். சுட்டது.

— உதுக்கு டொக்டர் என்ன தந்தவர்?

— விற்றமின் டி.

— பார். நாரி முள்ளு நொந்தா ஆளைக் குழாய்க்குள்ளை விட்டுப் படம் எடுக்கிறாங்கள். கண் மங்கினா லேசர் அடிக்கிறாங்கள். ஒரு மனுசனுக்குக் கூழ் ருசிக்கேல்லை, சாவுச் செய்திக்குச் சிரிக்கிறான், அதுக்கு ஒரு மெஷினும் இல்லை. அழுதாத்தான் வருத்தக்காரன், நோயாளியோ? ஆருக்கும் கரைச்சல் குடுக்காத வருத்தமெண்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினமோ?

— அவரைக் குறை சொல்லாதை. அஞ்சு நிமிசத்திலை என்னத்தைக் காணுறது.

— குறைதான் சொல்லுவன். பேபியையும் சொல்லுவன். நாளாந்தம் முன்னாலை இருந்து கோப்பி குடிச்ச என்னையும் சொல்லுவன். அதுதான் எனக்குக் கொதிக்குது.

— அதுக்கோ உனக்குப் பிறஷர் எண்டு சொல்லி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனி?

— ஓம். அப்பொயின்மென்ற் உன்ர பேரிலை. இண்டைக்குப் பேபி இல்லை. நீயே வாயைத் திறக்கிறாய்.

— என்னெண்டு சொல்லுறது? நோவெண்டா இடத்தைத் தொட்டுக் காட்டலாம். எனக்கு உதைச் சொல்லத் தெரியாது. விடு, வீட்டை போவம்.

— இரடாப்பா. நான் சொல்லித்தாறன், நீ அதை உள்ளுக்கை போய் ஒப்புவி. 'டொக்டர், காலமை எழும்புறன். பல்லுத் தீட்டுறன். கண்ணாடியிலை நிக்கிறவர் ஆரோ எண்டிருக்கு.'

— ஓம். அது சரி.

— 'சாப்பிட்டா வாய் மெல்லுது. சாப்பிடுறது நானில்லை.'

— அதுவும் சரி.

— 'ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையிலை எல்லாரும் பாடேக்கை என்ர வாயும் அசையுது. சத்தம் வருகுதோ எண்டு தெரியாது.'

— பூசையிலையோ? நானோ?

— குறுக்கை கதையாதை. 'பின்னேரம் பேத்தி பள்ளிக்கூடத்தாலை வந்து மடியிலை ஏறுவாள். அம்மப்பா, கதை சொல்லுங்கோ எண்டுவாள். சொல்லுவன். விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் எப்ப இறங்குவாள் எண்டு நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருப்பன். உதை ஆரிட்டைச் சொல்லுறது, டொக்டர்? பெத்த மகளிட்டையும் சொல்லேலாது.'

— பஸ்ரி.

— என்ன? உன்ர பேரைத்தான் கூப்பிடுகினம். எழும்பு.

— நீயும் எழும்பு. எனக்குப் பேத்தி இல்லை.