இறங்காமல் நின்றவருக்கு ஒரு பொன்னாடை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் சேகோ ஆலை உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கிழங்கை அரைத்து, பாலை வடித்து, முத்துமுத்தாய் ஜவ்வரிசி உருட்டி, ஊருக்கெல்லாம் பாயசம் கொடுத்துவிட்டு, தாங்கள் பழையதைக் குடிக்கும் பாட்டாளித் தோழர்களே! காய்கிற களத்தில் கால் கொப்புளித்தாலும் கலங்காத என் தாய்மார்களே! முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும் அஸ்கரி பேகம் அம்மா அவர்களே! பந்தலுக்குள் வரக் கூசி, பின்னால் மைக் செட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிற மாதவராஜ் அவர்களே! ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். அனைவருக்கும் இந்தப் பாதுகாப்பு அதிகாரியின் பணிவான வணக்கம்.

பாதுகாப்பு வார விழா என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். விழாவா இது? இந்தப் பொம்மிடிப் பக்கம் ஓர் ஆலையில் இரண்டு உயிர் போன ஈரம் இன்னும் காயவில்லை. நான் விழாவுக்கு வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறேன்.

கிழங்கு கழுவிய தண்ணீரும் அரைத்த சக்கையான திப்பியும் ஊறிக் கிடக்கிற தொட்டி. மோட்டார் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து, ஏணி வைத்து நஞ்சப்பன் இறங்கினார். இறங்கியவர் குரல் கொடுக்கவில்லை. வெல்டிங் வேலைக்கு வந்திருந்த காசிம், இந்த அஸ்கரி அம்மாவின் ஒரே மகன், எட்டிப் பார்த்தார். யோசித்தாரா? இல்லை. நண்பன் கிடக்கிறான் என்று இறங்கினார். அவரும் எழவில்லை.

என்ன சொல்கிறீர்கள், நடுவரிசையில் இருக்கிறவர்? விதியா? விதிக்கு மூடியைத் திறக்கத் தெரியுமா, ஐயா? அது நச்சுக்காற்று. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றமே இருக்காது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். போனது நாற்றமல்ல, உங்கள் மூக்கு! காற்றைச் சோதிக்கக் கருவி இருந்ததா? இல்லை. இடுப்பில் கட்டித் தூக்கப் பட்டை இருந்ததா? இல்லை. ஊதி வெளியேற்ற ஒரு காற்றாடி இருந்ததா? அதுவும் இல்லை. தலைவர் என்னை முறைக்கிறார். முறையுங்கள் ஐயா. எனக்கு மாலை போட்டீர்கள், நன்றி. அதற்குப் பதில் ஆலைக்கு ஆலை அந்தப் பட்டையை வாங்கி மாட்டியிருந்தால் நான் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

மூன்றாவதாக ஓடி வந்தவர் மாதவராஜ். நஞ்சப்பனின் மனைவி சசிகலாவுக்கு உடன்பிறந்த அண்ணன். கயிற்றை உள்ளே இறக்கினார், பிடிக்கக் கை இல்லை. தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னார். அதற்குள் ஆட்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வரிசையாக வந்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள்! மாதவராஜ் தொட்டியின் வாயை மறைத்துக் கையை விரித்து நின்றார். ஒருவரை நெஞ்சில் தள்ளினார், ஒருவரை அறைந்தார். "ஒருத்தனும் எறங்கக் கூடாது! எறங்கினா செத்துருவீங்க!"

களத்தில் ஜவ்வரிசி காயவைத்துக்கொண்டிருந்த சசிகலா அலறிக்கொண்டு வந்தார். "அண்ணா, எறங்குண்ணா! அவரு உள்ள கெடக்கறாருண்ணா!"

"மாட்டேன் சசி. நீயும் எறங்கக் கூடாது."

"அப்ப நான் எறங்கறேன், வுடு!"

அவர் விடவில்லை. முன்கையில் பல் பதியக் கடித்தார் தங்கை. அப்போதும் விடவில்லை. தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவியோடு வந்து இறங்கி, இரண்டு உடல்களை மேலே கொடுத்தார்கள்.

இறங்கியவருக்குப் பேனர் வைத்தீர்கள். சரி, வையுங்கள். இறங்காதவருக்கு என்ன கொடுத்தீர்கள்? டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நிற்கிறது. "மச்சானக் குழியில வுட்டுட்டு மேல நின்னவன்" என்கிறீர்கள். அவரால் தடுக்கப்பட்டு உயிரோடு இருக்கிறவர்களில் நாலைந்து பேர் இதே பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன். "உள்ளே ஒருவர் விழுந்தால் நீங்கள் இறங்காதீர்கள், யாரையும் இறங்கவும் விடாதீர்கள்" என்று அந்த ஆலையில் வகுப்பெடுத்தவன் நான். பாதிப் பேர் தூங்கினீர்கள். ஒருவர் கேட்டுக்கொண்டார். சொன்ன எனக்கு மேடையும் மாலையும். கேட்டு நடந்த அவருக்குப் பழி! எனக்கு இரவெல்லாம் நெஞ்சு எரிகிறது, தோழர்களே.

அஸ்கரி அம்மாவை அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "எம் மவனத் தியாகின்னு ஊரே சொல்லுதுங்க. எனக்கு எதுக்குங்க அது? அவன் எறங்கறப்ப ஒருத்தரு சட்டையப் புடிச்சு இழுத்திருக்கக் கூடாதாங்களா? சசிகலாவப் புடிக்க ஒரு அண்ணன் இருந்தான். எம் மவனப் புடிக்க யாருமே இல்லீங்களே."

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள்.

இந்தப் பொன்னாடை எனக்குப் போட்டது. இதை அஸ்கரி அம்மா கையில் கொடுக்கிறேன். மாதவராஜ் மேடைக்கு வரமாட்டார். அம்மாவே அவரிடம் நடந்து போகிறார். வழி விடுங்கள். ஐயா மாதவராஜ், குனிந்து கொடுங்கள். அம்மாவுக்குக் கை எட்டவில்லை.

சசிகலா அம்மா இங்கே வரவில்லை. வரச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, கணவனைப் பறிகொடுத்தவர் அவர். ஆனால் அவர் தெருமுனை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்லியிருந்தேன். அம்மா, கேட்கிறதா? உங்கள் அண்ணன் இனி இந்த ஊரில் இருக்கப்போவதில்லை. நாளைக் காலை ரயிலில் திருப்பூருக்குப் போகிறார். அந்தப் பல் தடத்தைப் பார்த்து, "வலித்ததா?" என்று கேட்டேன். "அவ கடிக்கக் கடிக்க எனக்கு நிம்மதிங்க. உசிரோட இருக்கறான்னுதானே அர்த்தம்" என்றார். உங்கள் மகள் கனிமொழி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அம்மா இருக்கிறாள். அந்தக் கை விடாததால் இருக்கிறாள். மன்னிக்கச் சொல்லவில்லை, அம்மா. ரயில் காலையில்தான். அதை மட்டும் சொல்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், முறைத்தாலும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நன்றி. தாய்மார்களே, தோழர்களே, காலையில் வேலைக்குப் போன நீங்கள் எல்லோரும் சாயங்காலம் உங்கள் காலாலேயே நடந்து வீடு வந்து சேருங்கள். வணக்கம்.