ஏழு படியில் பூசான்

— "உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் தலைமகன் பூசான்! அலைகள் எழுதிய காவியம்! வரலாறே வந்து வணங்கி நிற்கும் வாசல்!"... எப்படி இருக்குது அன்பரசி?

— தலைமகனோட துறைமுகத்துல இன்னும் பசை காயல. கைய எடுங்க.

— கேக்கறதுக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டேன்.

— நல்லாதான் இருக்குது. எந்த ஊரு பேரப் போட்டாலும் நல்லாதான் இருக்கும். பெண்ணாடம்னு போட்டுப் படிச்சிப் பாருங்களேன்.

— பெண்ணாடத்துல ஏதுடி துறைமுகம்?

— வரலாறு வந்து வணங்கறதுக்கு துறைமுகம் எதுக்கு? பஸ்ஸு நின்னா போதாதா... செரி, பொம்மை பாக்க வர்ற அந்தம்மா கொரியாக்காரங்க. தமிழே தெரியாது. அவங்க முன்னால நின்னு காவியம், வாசல்னு கத்தினா பயந்துக்கப் போறாங்க.

— மொழிபெயர்க்க கூடவே ஒரு பொண்ணு வருதுன்னு நீதான சொன்ன?

— ம்... வருது.

— அப்புறம் என்னா. திருமாலு, கொரியா தொழிலதிபர வரவழைச்சிட்டியேன்னு பீங்கான் எஸ்டேட்டே பேசுது. நம்ம பட்டறை எடத்துக்காரன் செந்தமிழன் காலையிலேர்ந்து சால்வையோட கேட்டுல நிக்கிறான். இந்த கொலு செட்டு மட்டும் அந்தம்மாவுக்குப் புடிச்சிப்போச்சின்னா சூளை தொடர்ந்து எரியும். இல்லன்னா சாவிய அவன்கிட்டயே குடுத்துடறேன். சிமெண்டு மூட்ட அடுக்கிக்கட்டும்.

— இதையே சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆயிடிச்சி.

— அசதியில சொல்றேன்.

— எனக்கும்தான் அசதி. அந்த சின்ன பிரஸ்ஸ எடுங்க... அது இல்ல, முடி கொட்டாதது.

— மொத படியிலேர்ந்து ஒருதரம் சொல்லிப் பாத்துக்கறேன், கேளு. ஆதியில பூசான் ஒரு சின்ன மீன்புடிக்கிற ஊரு. பக்கத்துல வெந்நீர் ஊத்து, ஒரு கோட்டை. நானூறு வருசத்துக்கு முன்னால ஜப்பான் படை வந்து எறங்கி, வழிய விடுன்னுது. கோட்டைத் தலைவன் என்னா சொன்னான் தெரியுமா? சாவறது சுலபம், வழி விடறதுதான் கஷ்டம்னு எழுதி வீசினான்! ஆம்பள!

— அப்புறம்?

— செத்துட்டான்.

— அந்தப் படை?

— அது... போயிடிச்சி. தலைநகரம் வரைக்கும்.

— இதுக்கு வழிய விட்டிருக்கலாம்.

— வீரம்டி அது. உனக்கெங்க புரியப் போவுது.

— புரியாம என்னா? வூட்டுலயே ஒருத்தரு வழிய அடைச்சிக்கிட்டு நிக்கறத வருசக்கணக்கா பாக்கறேனே... அதிருக்கட்டும், இந்தத் தலைவன் நம்ம தசரதர் அச்சுதான? நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். ராமன் காட்டுக்குப் போறான்னு மயக்கம் போட்டு விழப்போற நெலம.

— தொப்பிய மாத்தியிருக்குதுல்ல. தொப்பியப் பாத்தா கொரியாக்காரன்தான்.

— ரெண்டாம் படி?

— நூத்தம்பது வருசத்துக்கு முன்னால துறைமுகத்தத் தொறந்து வெக்கிறாங்க. குத்துவிளக்கு ஏத்தற மாதிரி ஒரு பொம்மை யோசிச்சி வெச்சிருக்கேன்.

— யாரு தொறந்தது?

— ஜப்பான்காரன்தான். பீரங்கிக் கப்பலக் காட்டி, கையெழுத்து வாங்கி...

— பீரங்கியக் காட்டினவன் கையில குத்துவிளக்கு வேணாங்க. அந்தம்மா அழுதுடப் போறாங்க.

— செரி, வெளக்க எடுத்துடு. மூணாம் படியில கப்பலு. அந்தக் காலத்துல ஜனங்கள ஜப்பானுக்கு ஏத்திக்கிட்டுப் போன கப்பலு. சொரங்கத்துக்கு, மில்லுக்கு, கூலி வேலைக்கு.

— குகன் ஓடம்.

— பொகைபோக்கி வெச்சிருக்குதுல்ல!

— எதையெடுத்தாலும் ராமாயணமா இருக்குதே.

— ராமாயண அச்சுதான சும்மா கெடந்திச்சி. நான் என்னா புதுசா பூசான் அச்சா எடுக்க முடியும்? தலைய மாத்து, தொப்பிய மாத்து, பெயிண்ட மாத்து. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் பண்றான். போன வருசம் எதிர் பட்டறைக்காரன் கிரிக்கெட் செட்டுல பேட்டப் புடுங்கிட்டு ஏரு கலப்பையக் குடுத்து விவசாயின்னு வித்தான்.

— தலையில ஹெல்மெட்டோட.

— வித்தானா இல்லியா?... நாலாம் படிக்கி வா. இதுதான் நெஞ்சத் தொடற எடம். கொரியா சண்டை. நாடு பூரா கைய விட்டுப் போயி, ஒரு மூலையில பூசான் மட்டும் மிச்சம். அப்ப அதுதான் தலைநகரம். வடக்கேர்ந்து ஜனம் ரயிலு கூரை மேல ஒக்காந்துக்கிட்டு வந்து எறங்குது. கெடச்ச தகரம், அட்ட, பலக... மல மேல ஏறி வூடு கட்டிக்கிச்சி.

— ஏங்க.

— சொல்லு.

— அகதிங்க எல்லாம் சிரிக்கிறாங்க.

— மாப்ள அழைப்பு செட்டு. வாய கொஞ்சம் பெயிண்ட்ல மூடி வுடு.

— மூடினேன். இப்ப நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறாங்க... அதுகூட பரவால்ல. இந்தாளு கையில நாயனம் இருக்குது.

— பாயின்னு பெயிண்ட் அடி. சுருட்டின பாயி. அகதி பாயெடுத்துக்கிட்டு வரமாட்டானா?

— வாயில வெச்சிக்கிட்டா?... சிரிக்காதீங்க. எனக்கு இருக்கிற எரிச்சல்ல...

— நான் எங்க சிரிச்சேன்? இரு, ஃபோனு அடிக்குது பாரு. ஒன்னுதுதான்.

— ஆங்... சொல்லும்மா... ம்... ம்... இல்ல, இன்னும் இல்ல... அங்கயே இருங்க, நான் சொல்றேன்... சாப்பிட்டீங்களா? செரி.

— யாரு?

— அந்த மொழிபெயர்க்கிற பொண்ணு. மங்கலம்பேட்டை வந்துட்டாங்களாம். டீ குடிக்கிறாங்களாம்.

— டீ இங்க வந்து குடிக்கக் கூடாதா? செந்தமிழன் பாதாம் பாலு சொல்லி வெச்சிருக்கான்.

— குடிக்கட்டும் வுடுங்க. அஞ்சாம் படியில பாலத்துல ஒரு கொரங்கு ஒட்டிக்கிட்டிருக்குது, சொரண்டி எடுங்க.

— சேது பாலம்ல... அது கல்லுன்னு நெனச்சேன்.

— கல்லுக்கு வாலு இருக்குமா? நல்லா சொரண்டுங்க. இந்தப் பாலத்தப் பத்தி ஒங்க பேச்சுல என்னா எழுதியிருக்கீங்க?

— "பொறியியலின் பெருமிதம்! நடுவில் பிளந்து வானோக்கி எழும் பாலம்!"

— அவ்வளவுதானா?

— வேறென்னா இருக்குது?

— சண்டையில குடும்பம் குடும்பமா பிரிஞ்சி ஓடி வந்தாங்கல்ல... பூசான்ல எந்த எடமும் தெரியாது அவங்களுக்கு. இந்தப் பாலம் ஒண்ணுதான் பேரு கேட்டது. அதனால ஓடறப்பவே சொல்லிக்கிட்டாங்களாம், பூசான் பாலத்துல பாத்துக்கலாம்னு. அப்புறம் தெனம் வந்து நின்னாங்களாம். பேர அட்டையில எழுதிப் புடிச்சிக்கிட்டு. வருவாங்களா மாட்டாங்களான்னு சொல்றதுக்கு குறி சொல்றவங்களே அங்க வரிசையா கட போட்டுட்டாங்க.

— வந்தாங்களா?

— கொஞ்ச பேருக்கு வந்தாங்க... நெறைய பேரு நின்னுக்கிட்டே இருந்தாங்க.

— ம்... உனக்கு யாரு சொன்னா?

— யூடியூப்புல பாத்தேன்.

— யூடியூப்புல.

— ஆமா. இல்ல... அந்த ஊருலயே நம்ம பொண்ணு இருக்குது. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அகதி கையில நாயனம் வந்திருக்காது.

— ஜெயஸ்ரீ பேச்சே இங்க வேணாம்னு சொல்லியிருக்கேன்.

— படிக்க அனுப்பினது நீங்க. துறைமுகப் படிப்பு, விருத்தாசலத்துலயே மொத ஆளுன்னு பேனர் வெச்சது நீங்க. அங்கயே ஒரு பையனப் புடிச்சிக் கட்டிக்கிச்சின்னதும் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னதும் நீங்க. வெளிய யாரு கேட்டாலும் பொண்ணு இன்னும் ஆராய்ச்சியில இருக்குதுன்னு சொல்றது...

— வேற எப்படி சொல்றது? நம்ம வூட்டுப் பரம்பரைக்கி...

— ஒங்க பரம்பரை என்னா, அப்பா பீங்கான்ல கரண்டு ப்யூஸ் கட்டை செஞ்சாரு, நீங்க பொம்மை செய்யறீங்க. கொரியா ராசாவா வந்து பொண்ணு கேப்பாரு?... செரி, மூஞ்சியத் தூக்காதீங்க. ஆறாம் படி. சொல்லுங்க.

— மீன் மார்க்கெட்டு. சண்டைக்கி அப்புறம் பொம்பளைங்கதான் அதத் தூக்கி நிறுத்தினாங்க. ஆம்பள செத்துப்போனான், காணாமப் போனான். இவங்க தரையில ஒக்காந்து மீன் வித்து, புள்ளைங்களப் படிக்க வெச்சி... அந்தப் புள்ளைங்கதான் அப்புறம் ஷூ கம்பெனி, கப்பல் கம்பெனின்னு போயி ஊர ஆளாக்கினது.

— இத மட்டும் சாதாரணமா பேசறீங்க. காவியம், வாசல் ஒண்ணியும் காணம்.

— எழுதறப்ப அசதியா இருந்தது.

— செட்டியார் செட்டுல செட்டிச்சிய எடுத்து மீனக் குடுத்திருக்கீங்க. மீனெல்லாம் மச்சாவதாரம்தான?

— கிரீடத்தத் தேய்ச்சி எடுத்துட்டேன்.

— ஒண்ணுக்கு நாமம் இருக்குது.

— குடு... இந்தா பாரு, கத்திய இப்படி நிமித்திப் புடிக்க மாட்டாங்க. படுக்கவெச்சி, செவுளுக்குக் கீழேர்ந்து ஒரே இழுப்பு. கைக்கி செவப்பு ரப்பர் கையுறை அடி. முழங்கை வரைக்கும். தலைய சுத்தி துணி, பூப்போட்டது. ஏப்ரான் முன்னால பாக்கெட்டு, அதுலதான் சில்லற.

— இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஆராய்ச்சி... என்னா பாக்கிற? அடி, அடி. ஏழாம் படியில கண்டெய்னரு வேற அடுக்கணும். பழைய ப்யூஸ் கட்டைய கலர் அடிச்சி வெச்சிருக்கேன். அவ்வளவு பெரிய துறைமுகம்டி. உலகத்து சாமானெல்லாம் அது வழியாத்தான் போவுது.

— நம்ம ஜெயஸ்ரீயும் அது வழியாத்தான் போயிட்டா.

— அன்பரசி...

— இருங்க. ஃபோனு... சொல்லும்மா... ஆமா, பேசிக்கிட்டுதான் இருக்கேன்... என்னா? எத்தினி பஜ்ஜி?... குடுக்காத, எண்ண ஒத்துக்காது... இரு, இப்ப சொல்லிடறேன்.

— இன்னுமா டீ? மங்கலம்பேட்டைக்கும் இங்கயும் கூப்புடு தூரம். கொரியா தொழிலதிபரு ரோட்டோரத்துல பஜ்ஜி தின்னுக்கிட்டு ஒக்காந்திருந்தா நம்ம மானம் என்னாவறது?

— அவங்க தொழிலதிபர் இல்லீங்க.

— ம்?

— ஆர்டரு, கம்பெனி... ஒண்ணும் கெடையாது. நான் சொன்ன பொய்யி. அந்தம்மா பூசான்ல மீன் கட வெச்சிருக்காங்க. ஜெயஸ்ரீயோட மாமியா. மொழிபெயர்க்கிற பொண்ணுன்னு சொன்னது நம்ம ஜெயஸ்ரீயத்தான். மருமவனும் வந்திருக்காரு. வாசல் வரைக்கும் வந்து அசிங்கப்படக் கூடாதுன்னு அங்கயே காரப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க வரச் சொன்னா வருவாங்க. இல்லன்னா இப்படியே திரும்பி ஏர்போர்ட்டுக்குப் போயிடுவாங்க. அந்த ஊரப் பத்தி ஒக்காந்து படிச்சீங்கன்னா, அதுவும் மனுசங்க இருக்கிற ஊருதான்னு தெரியும்னு நெனச்சேன். வேற எப்படி ஒங்கள அசைக்கறது? கையில வேலையக் குடுத்தாதான் நீங்க மனுசன். அதான் கொலு செட்டுன்னு சொன்னேன்.

— ...

— திட்டுங்க. இந்த பொம்மையப் போட்டு ஒடைங்க. எதாவது செய்யிங்க. நடுவுல நின்னு நின்னு எனக்கு சலிச்சிப் போச்சி.

— அந்த மீன்காரம்மா பொம்மைக்கி எடது புருவத்துக்கு மேல ஒரு மச்சம் வையி.

— நான் என்னா சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க...

— சின்னதா வையி. மொளகு மாதிரி வெச்சிடாத. சம்பந்திக்கி சின்ன மச்சம்தான்.

— ...என்னா சொன்னீங்க?

— ஃபோனப் போட்டு வரச் சொல்லு. எண்ணப் பலகாரத்தத் தின்னுட்டு வயித்தப் புடிச்சிக்கப் போறாங்க.

— ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?

— ஆர்டர் குடுக்கறவங்கன்னு நீ ஃபோட்டோ காட்டினியே, அதுக்கு மறுநாளு. பொம்மைக்காக பூசான் மீன் மார்க்கெட்டுன்னு போட்டுத் தேடினேன். அந்தம்மா கடையில வீடியோ எடுத்துப் போடறாங்க. அதே மூஞ்சி. பின்னால ஒரு பொண்ணு ரப்பர் பூட்ஸோட நின்னு மீன் கூடைய கழுவிக்கிட்டிருந்தது. இடுப்புல கைய வெச்சிக்கிட்டு நிமுந்தது... உன்ன மாதிரியே.

— தெரிஞ்சிமா இத்தினி படி கட்டினீங்க? தெரிஞ்சிக்கிட்டே சூளை, சாவி, சிமெண்டு மூட்டைன்னு என்னைப் போட்டு வதைச்சீங்க. செந்தமிழனுக்கு தொழிலதிபர்னு வேற...

— ஊருக்கு ஒண்ணு சொல்லணும்ல. பேனரெல்லாம் வெச்சவன் நானு. பொண்ணு மீன் கூடை கழுவுதுன்னா...

— இப்ப கழுவட்டுமா, வேணாமா?

— நல்லாத்தான் கழுவுது. வரச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.

— அப்ப யாரு சொன்னான்னு சொல்றது? தசரதரா?... அலோ, ஜெயஸ்ரீ? கெளம்புங்க. ஆமாம்மா... அப்பாதான். ஆமா, நல்லாத்தான் இருக்காரு... என்னாது?... அவங்களுக்கா?... அப்படியா?... செரி வாங்க.

— என்னாங்கிறா?

— அந்தம்மா சிரிக்கிறாங்களாம். வரச் சொல்லுவாங்கன்னு அவங்களுக்கு முந்தாநாளே தெரியுமாம். பஜ்ஜிக்காகத்தான் ஒக்காந்திருந்தாங்களாம். ஏங்க, என்னா செஞ்சி வெச்சீங்க?

— வீடியோவுக்குக் கீழ, "சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், இப்படிக்கு சு. திருமால், பொம்மைத் தொழிலதிபர், விருத்தாசலம்"னு ஃபோன்லயே கொரியா பாஷைக்கி மாத்தி எழுதிட்டேன். அழிக்கத் தெரியல.