வாய்க்கால் தோட்டத்துச் சாறு

ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள். எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை... வரிசை தவறாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நம் மாதா கோயிலுக்கு ஒரு காலத்தில் இரண்டு திராட்சைத் தோட்டங்கள் சொந்தமாக இருந்தன. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. மேலே கரட்டுத் தோட்டம். செம்மண், சரளைக்கல், மழை பெய்தால் அரைமணியில் காய்ந்துவிடும். கீழே வாய்க்கால் தோட்டம். கரிசல், காலை ஒன்பது மணிவரை பனி. நடுவில் ஒரு மைல்கூட இல்லை. இரண்டிலும் ஒரே கொடியிலிருந்து வெட்டி நட்ட குச்சிகள்தான். மேலே மிக்கேல் பயிர் பார்த்தார், கீழே சவரியப்பன். பூசைக்கான திராட்சை ரசத்தை இருவரும் பிழிந்து கொடுப்பார்கள்.

கீழ்த் தோட்டத்து ரசம் வெளிறி, சப்பென்றிருக்கும். ஒரு வருடம் பேச்சு முற்றிவிட்டது. சவரியப்பன் தண்ணீர் கலக்கிறார் என்றார்கள். கலப்பட ரசத்தில் வைத்த பூசை செல்லுமா? ஊரே பதறியது.

கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவை கூடியது. யாரைக் கூப்பிட்டார்கள்? பள்ளியில் வேதியியல் நடத்திய என்னை. பால் சொசைட்டியில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்களே... மேலே நின்றால் நல்ல பால், உள்ளே இறங்கினால் தண்ணீர். சாற்றுக்கும் அப்படி ஒரு குழாய் உண்டு. மிக்கேல் பிழிந்த சாற்றில் அது மேலே நின்றது. சவரியப்பன் சாற்றில் இறங்கியது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் இறங்கியது.

"நீ பால்காரனாப் பொறந்திருக்கணும்யா" என்றார் ஒருவர், சவரியப்பனைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். நானும்... ஆம், நானும் சிரித்தேன்.

சவரியப்பன் என்னிடம் மட்டும் பேசினார். "வாத்தியாரே, கொழா பொய் சொல்லல. நானும் சொல்லல. கீழ ஒரு கூடை பழம் பறிச்சாரச் சொல்லுங்க. ஒங்க கையாலயே பிழிஞ்சு பாருங்க."

ஒரு கூடைப் பழம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பங்குச் சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை இருந்தது, அவசரப்பட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவரைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். சவரியப்பன் குடும்பத்தோடு மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

மறுவருடம் இரண்டு தோட்டமும் மிக்கேலிடம். கீழ்த் தோட்டத்துச் சாற்றை என் கண்ணெதிரே பிழிந்தார். குழாயை விட்டேன்... அதே கோட்டுக்கு இறங்கி நின்றது. கொடியடியில் தோண்டிப் பார்த்தேன். இரண்டடியில் வாய்க்கால் ஈரம் கசிந்தது. வேர் ஈரத்திலேயே நின்றால் பழம் ஊதும், இனிப்பு குறையும். இதைப் படித்தவன் நான். தண்ணீரைக் கலந்தது யார்? மண் கலந்தது... பனி கலந்தது.

மலைக்குப் பஸ் ஏறிப்போய்ச் சவரியப்பனிடம் சொன்னேன். ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் முழுவதும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "இத அங்க, எல்லாரும் இருக்கயில சொல்லிட்டீங்களா?"

இல்லை. சாமியாரிடம் தனியாகத்தான் சொல்லியிருந்தேன். அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்று சவரியப்பனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எத்தனை கூட்டம் வந்து போனது, சகோதரர்களே? இருபத்தாறு வருடம்... ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கத் தைரியம் வரவில்லை. போன மாதம் அவர் அந்த மலையிலேயே இறந்துபோனார்.

இப்போது சொல்கிறேன். சவரியப்பன் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

இதற்கு என்ன பொருள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை இதுதான். ஒருவரிடம் குறை கண்டால், அவர் வேர் எந்த மண்ணில் நிற்கிறது என்று தோண்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பேசியது தவறென்று தெரிந்தால், பேசிய இடத்திலேயே, கேட்டவர்கள் முன்னாலேயே அதைத் திருப்பி எடுங்கள். அவர் காதில் விழும் காலத்திலேயே எடுங்கள்.