எண்ணெய்க் குழாய் வழித்தடத்தில் நான்கு முறை பிடுங்கப்பட்ட மரமுளை குறித்து

வயது அறுபத்து மூன்று. எடைமேடையில் லாரிகளை எடை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெருவில் எடைமேடைக்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள கடைசி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இன்று காலை பதினொரு மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எண்ணெய்க் குழாய் என் வீட்டுப் பின்புற நிலத்தின் வழியாகப் போவதாகத் திட்டம். குழாய் வந்தால் வேலை வரும் என்று பாதி ஊரும், கசிந்தால் கிணறு போச்சு என்று மீதி ஊரும் மல்லுக்கு நின்றார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பு இரண்டு தரப்பும் என்னை இழுக்க வீடு தேடி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனி அதிகாரி, வியாழக்கிழமை எதிர்ப்புக் குழுச் செயலாளரான வாத்தியார். இருவருக்கும் தலையாட்டி வைத்தேன். மதில்மேல் பூனை என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும், வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டில் ஆள் சத்தம் கேட்டது. கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு இரண்டு தரப்பிலும் ஒருவரும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கம்பெனியின் சர்வேயர் வந்து, குழாய் போகும் வழியைக் குறிக்கச் சிவப்புச் சாயம் பூசிய மரமுளைகளை அடித்துவிட்டுப் போனார். போன மாதம் மூன்றாம் தேதி மூலையிலிருந்த முளை மாடு மோதிச் சாய்ந்தது. ஒரு முளை நகர்ந்தாலும் ஆரம்பப் புள்ளியிலிருந்து மறுபடி அளக்க வேண்டும், நிலத்துக்காரர் கூடவே நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் முறை. சர்வேயர் அன்று மூன்று மணி நேரம் இருந்தார். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். "எங்க வீட்டுல கூட இப்படி போட மாட்டாங்க சார்" என்றார். அதன் பிறகு அதே முளையை நானே நான்கு முறை பிடுங்கினேன்.

குழாய்மேல் எனக்குக் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. பிடுங்கிய மறுநாள் சவரம் செய்துகொண்டு, இரண்டு டம்ளரைக் கழுவி வைத்துக் காத்திருப்பேன்.

நான்காவது முறைக்குப் பிறகு கம்பெனி புகார் கொடுத்தது. "ஒரு முளை கூட நிக்காது, பாருங்க" என்று வாத்தியார் கூட்டத்தில் பேசியிருந்ததால் நேற்று அவரை இங்கே கொண்டுவந்தார்கள். மாலையில் அவர் மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணே, உங்க இடத்துலதான நடந்திருக்கு. யாரு புடுங்கினதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். உள்ளே வந்து உட்காரும்மா என்றும் சொன்னேன். புருஷன் லாக்கப்பில் இருக்கும்போதும் இந்தப் பெண் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போனால் தேவலை என்றுதான் எனக்குத் தோன்றியது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் உட்காரவில்லை.

வாத்தியாருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

என்னை இங்கே வைத்திருப்பதை யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐயா கேட்டதற்கு, மகளுக்கு வேண்டாம் என்று சொன்னேன். மாடு சாய்த்ததையும் சேர்த்து ஐந்தாம் முறையாக மறுபடி அளக்க நாளை காலை பத்து மணிக்குச் சர்வேயர் வருவார். வீடு பூட்டியிருக்கும், அவருக்கு மட்டும் சொல்லிவிடவும்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(கையொப்பம்)